பதினோரு பேருக்கு ஒரு வாசல்

"யாரு வரணும் மேடம்?" என்று போனில் இருந்த பெண் கேட்டாள்.

"பதினோரு பேர்."

"உங்க வீட்டுக்கா?"

"வீட்டுக்கு இல்லம்மா. என் கம்ப்யூட்டருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எதையோ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மேடம், உங்க வீட்டுல வீடியோ ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப நெட் நல்லாத்தான் இருக்கு மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

லென்ஸ் அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். இந்த வாரத்தில் இதே கேள்வியை, இதே பதிலை, வேறு வேறு குரல்களில் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதே புளித்துவிட்டது.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். கண் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பிசகாமல் உட்கார வைப்பாள். ஒரு டிகிரி திரும்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்க்கிற பழக்கம் அவள் ரத்தத்தில் ஊறியது. கடையில் எல்லோரும் அவளை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தால் அவளுக்கு இன்னொரு பின்னறை. அங்கே பழுப்பேறிய ஒரு பழைய கம்ப்யூட்டர், அண்டா மாதிரி வயிறு தள்ளிய மானிட்டரோடு இருந்தது. கருப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடையாது, வீடியோ கிடையாது, லைக் கிடையாது. அதில் அவள் 'பலகை' என்று ஒன்றை நடத்தி வந்தாள். உலகத்தின் ஏதோ மூலைகளில் இதே மாதிரி பழைய மெஷின்களைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற பதினோரு பேர், நெட் வழியாக அந்த மெஷினுக்குள் நேரே வந்து எழுதிவிட்டுப் போவார்கள். வரிக்கு எண்பது எழுத்துக்குமேல் போகக் கூடாது, நாளைக்கு ஒருவர் இரண்டு தரத்துக்குமேல் எழுதக் கூடாது என்றெல்லாம் சட்டம் உண்டு. சட்டம் போட்டவளும் அவள்தான், காவல் காத்தவளும் அவள்தான்.

"ஒரு பொண்டாட்டிக்கு இன்னொரு பொண்டாட்டி வந்தா சக்களத்தி," என்பார் அவள் வீட்டுக்காரர். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். "எனக்கு வாய்ச்சது சக்களத்தன். அவனும் இரும்புல செஞ்சவன். அடிச்சா எனக்குத்தான் வலிக்கும்."

பலகை நின்று போனது போன வாரம். ஒரு நாள் காலையில் யாரும் உள்ளே வரவில்லை. அக்கா உடனே மெஷினைச் சந்தேகப்பட்டாள். பழைய மெஷின் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. வீட்டில் பல்பு எரியவில்லை என்றாலும் முதலில் மெஷினைத்தான் திறப்பார்கள். அவளும் மூடியைக் கழற்றினாள். கார்டுகளின் பித்தளைப் பல்லை எல்லாம் ரப்பர் வைத்துத் தேய்த்தாள். விசிறியை எண்ணெய் விட்டுச் சுற்ற வைத்தாள். நெட்வொர்க் கார்டையே மாற்றினாள். மெஷின் புதுப் பெண்ணைப் போலப் பளபளத்தது. ஆள்தான் வரவில்லை.

கடைசியில்தான் உறைத்தது. போன வாரம் நெட் கம்பெனிக்காரர்கள் வந்து, "புதுசு, வேகமானது" என்று வாசலில் இருந்த பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். முன்பு நெட்டில் அவள் வீட்டுக்கென்று தனிக் கதவு எண் இருந்தது. இப்போது தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே எண். பெரிய அபார்ட்மெண்டுக்கு ஒரே கேட் மாதிரி. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வாங்கிக்கொண்டு வரலாம், வீடியோ பார்க்கலாம். வெளியே இருந்து வருகிறவரை மட்டும், யார் வீட்டுக்கு என்று தெரியாமல் வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

புகார் கொடுத்த பிறகு ஒரு பையன் வந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை. பின்னறையில் நுழைந்ததும் மானிட்டரின் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"இது எந்தக் காலத்து டிவி மேடம்?"

"டிவி இல்ல தம்பி. கம்ப்யூட்டர்."

"ஓடுதா?"

"அது ஓடுது. நீங்க மாட்டின பெட்டிதான் யாரையும் உள்ள விட மாட்டேங்குது."

அவன் தன் போனில் ஏதோ பார்த்தான். அதில் நெட் வேகம் காட்டுகிற முள் வலப்பக்கக் கோடிக்கு ஓடியது. "ஸ்பீடு பாருங்க மேடம். பறக்குது."

"நான் பறக்கச் சொல்லல. எனக்குத் தனி நம்பர் வேணும்."

"அது கம்பெனி பேர்ல இருக்கிற கனெக்ஷனுக்குத்தான் தருவாங்க." குரலைத் தாழ்த்தினான். "இதை வச்சு என்ன பண்றீங்க மேடம்?"

"பேசிக்கிட்டு இருக்கோம்."

"அதுக்குப் போன் இருக்கே," என்றான், ரொம்பக் கனிவாக. அந்தக் கனிவுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

இதற்கிடையில் பலகைக்காரர்களில் ஒருவரான வாத்தியார், "தற்காலிகமாக" என்று சொல்லிப் போனில் ஒரு குரூப் தொடங்கிவிட்டார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பலகையில் நான்கு வரிக்குமேல் எழுத யோசிக்கிற மனுஷன், குரூப்பில் காலையில் ரோஜாப்பூ, மதியம் பொன்மொழி, சாயங்காலம் யாரோ சமைக்கிற வீடியோ என்று போட ஆரம்பித்தார். மற்றவர்கள் கட்டை விரல் காட்டினார்கள். படமே கூடாது என்று பத்து வருஷம் வீராப்புப் பேசிய கூட்டம், ஒரே வாரத்தில் ரோஜாப்பூவுக்குக் கை தட்டியது. வெள்ளிக்கிழமை வாத்தியார் கேட்டார்: "இங்கேயே சௌகரியமாக இருக்கிறதே. ஞாயிறோடு பலகையை மூடிவிட்டு இங்கேயே இருந்துவிடலாமா?"

ஆறு கட்டை விரல்கள் விழுந்தன. அக்கா எண்ணவில்லை. அதுவே கண்ணில் பட்டது.

அவள் ஒன்றே ஒன்று எழுதினாள்: "கப்பல்காரர்?"

கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் எழுதினார்: "அவருக்கும் யாராவது சொல்லிவிடுங்கள்."

யாராவது சொல்வது எப்படி? கப்பல்காரர் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவருடைய நிஜப் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கப்பலில் நெட் என்பது நூல் மாதிரி ஒல்லியாக வரும். படம் வந்தால் அறுந்துவிடும், எழுத்து மட்டும் தட்டுத் தடுமாறி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருடைய முறை. அவரை எட்ட வேறு நம்பர் இல்லை, விலாசம் இல்லை, பலகை மட்டும்தான். போன ஞாயிறு அவர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இந்த ஞாயிறும் மூடியிருந்தால், கடையைக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு அந்த ஆளைக் கடலில் எங்கே போய்த் தேடுவது?

வழி இல்லாமல் இல்லை. ஒரே ஒரு வழி இருந்தது. அதை நினைத்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கொழுந்தன், வீட்டுக்காரருடைய தம்பி, இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை கம்பெனி பேரில் இருந்தது. தனிக் கதவு எண் இருந்தது. அவனிடமும் ஒரு பழைய மெஷின் உண்டு. சொல்லப்போனால் அக்காவுக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவனே அவன்தான். மூடப்போன ஒரு ஆபீஸிலிருந்து இரண்டு மெஷின்களைத் தூக்கிவந்து, ஒன்றை அவளுக்குக் கொடுத்தான். அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது என்றதும், ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுத்தவனும் அவன்தான்.

அவனைத்தான் அக்கா எட்டு மாதத்துக்கு முன் பலகையிலிருந்து தடை செய்திருந்தாள். தடை உத்தரவையும் அவன் வரைந்த எழுத்திலேயே எழுதினாள்.

காரணம் காக்கா. கொழுந்தன் தன் மொட்டை மாடியில் ஒரு கருவியை வைத்து, வெயிலா மழையா என்று பார்த்துப் பலகையில் தினமும் ஒரு வரி எழுதுகிற புரோகிராம் ஒன்றைச் செய்திருந்தான். அதற்குப் பெயர் காக்கா. ஒரு நாள் அந்தக் காக்கா, 'இப்போது வெயில்' என்று நாலாயிரம் முறைக்குமேல் எழுதிவிட்டது. மெஷினில் இடம் நிரம்பி, பலகை இரண்டு நாள் படுத்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் அக்கா கடைக்குப் போனாள். கொழுந்தன் ஒரு ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். முழங்கை வரை மை.

"வாங்க அண்ணி. ஜெராக்ஸ் எடுக்கணுமா?"

"நக்கல் வேண்டாம் தம்பி. பலகை நின்னு போச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீதான் தடையில இருக்கியே."

"வெளிய நின்னு தினம் எட்டிப் பார்ப்பேன். அதுக்குத் தடை இல்லையே."

அக்கா உட்கார இடம் தேடினாள். எல்லா நாற்காலியிலும் மெஷின் மூடிகள். நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய மெஷின் உள்ளிருந்து அவனுடைய மெஷினைக் கூப்பிட்டு, பேச்சை முடிக்காமல் பிடித்தபடியே இருக்க வேண்டும். நெட்டில் பலகையின் பெயரை அவன் கதவு எண்ணுக்குத் திருப்பிவிட்டால், வழக்கம்போலத் தேடி வருகிறவர்கள் அவன் வாசலில் நுழைவார்கள். அவன் மெஷின் அவர்களை அந்தப் பேச்சு வழியாகவே இவள் மெஷினுக்கு அனுப்பிவிடும்.

"செய்யலாம்," என்றான் கொழுந்தன். "ஆனா நான் தடை செய்யப்பட்ட ஆள். என் வாசல் வழியா வர்றவங்களுக்குத் தீட்டுப் பட்டுடாதா?"

"நாலாயிரம் தடவை அண்ணி. நாலாயிரம் தடவை வெயில். அதை மறந்துட்டியா?"

வாய் தவறித் தன்னைத் தானே அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டது அவளுக்கே தெரிந்தது. கோபத்தில் எப்போதும் அப்படித்தான். கொழுந்தன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"காக்கா மேல தப்பில்ல. 'வந்து சேர்ந்தது'ன்னு உங்க மெஷின் பதில் சொல்லணும். சொல்லல. அதனால அது மறுபடி சொல்லுச்சு."

"இடம் நிரம்பிப் போச்சு, அதான் சொல்லல."

"சொல்லாததாலதான் நிரம்புச்சு."

"ஒருத்தர் பதில் சொல்லலன்னா நாலாயிரம் தடவையா சொல்லுவாங்க?"

"எங்கண்ணன் சொல்வாரே."

அது உண்மைதான் என்பதால் அக்கா அதைத் தொடவில்லை. "நாளைக்குக் கப்பல்காரர் வர்ற நாள்," என்றாள். "கதவு மூடியிருந்தா அவ்வளவுதான்."

கொழுந்தன் மையை ஒரு துணியில் துடைத்தான். துணிதான் கருத்தது, கை அப்படியே இருந்தது.

"காக்கா போனப்ப அவர் கேட்டாரா?"

கேட்டிருந்தார். நடுக்கடலில் இருந்துகொண்டு கப்பல்காரர் ஆசையாகப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். 'கரையில் மழையா? இங்கே குளிக்கத் தண்ணீர் அளந்து விடுகிறார்கள்' என்று காக்காவோடு வம்பு வளர்ப்பார். காக்கா எங்கே என்று அவர் கேட்டதற்கு, 'பறந்துவிட்டது' என்று அக்கா எழுதியிருந்தாள்.

"கேட்டார்," என்றாள்.

"சரி. கதவு தர்றேன். காக்காவும் வரும்."

"ஒரு நாளைக்கு ஒரே வரி."

"ஒரு வரி. யாராவது பதில் எழுதினா அதுக்கு ஒரு மறுவரி. மரியாதைக்கு."

"அதுக்குமேல ஒரு எழுத்து வந்தாலும் கழுத்தைத் திருகிடுவேன்."

"யாரு கழுத்தை?"

"கிட்ட எது இருக்கோ அதை."

சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பின்னறைக்குள் கால் வைக்கிறான். கருத்த விரலோடு கீபோர்டைத் தொடப் போனவனைத் தடுத்து, அக்கா லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை நீட்டினாள். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து இருவருக்கும் சண்டை. அவன் எழுதினதை அவள் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்தாள். அவள் சரிபார்த்ததை அவன் முறைத்துப் பார்த்தான். முதல் முறை தொடர்பு அறுந்தது. இரண்டாம் முறை வந்தது, வந்தவரை மட்டும் பாதி வழியில் தொலைத்தது. தப்பு உன்னுடையது, உங்களுடையது என்று இரண்டு மெஷின்களையும் அலசியதில், அவன் ஒரு எண்ணை இடம் மாற்றிப் போட்டிருந்ததும், அவள் அதைச் சரிபார்த்து 'சரி' என்று சொல்லியிருந்ததும் தெரிந்தது. எண்ணைத் திருத்தியதும் மூன்றாம் முறை ஒழுங்காக வந்து நின்றது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "ஒண்ணே தாங்காது. இப்ப சக்களத்தனுக்குச் சம்பந்தி வேற," என்றபடி போய்விட்டார்.

ஞாயிறு காலை முதலில் வந்தது வாத்தியார். 'கதவு திறந்துவிட்டதா? நல்லது. இங்கே ரோஜாப்பூ போட முடியாதுதானே?' என்று எழுதினார். முடியாது என்று அக்கா எழுதினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டை விரல் காட்டியவர்கள், ஒன்றுமே நடக்காதது போலப் பழையபடி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் போய்விட்டது. வெளியே இருட்டிக்கொண்டு வந்து, மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. காக்கா தன்னுடைய ஒரு வரியை எழுதியது: 'இப்போது வெயில்.'

அக்கா கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "உன் கருவியை எங்க வச்சிருக்க?"

"மாடியில. ஏன் அண்ணி?"

"மேல ஏதாவது மூடியிருக்கா?"

கொஞ்சம் யோசித்தான். "இந்தத் தடவை தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்கு. நனையக் கூடாதுன்னு வச்சேன்."

மழை பார்க்கிற கருவியை நனையாத இடத்தில் வைத்தவனிடம் பேச அக்காவுக்கு ஒன்றும் இல்லை. போனை வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்குவது போல நின்று நின்று வந்துகொண்டிருந்தன. அத்தனை மெதுவாக எழுதுகிறவர் ஒருவர்தான் உண்டு.

'போன வாரம் கதவு பூட்டியிருந்தது. மூடிவிட்டீர்களோ என்று நினைத்தேன். காக்காவும் வந்துவிட்டதா? கரையில் வெயிலா? கொடுத்து வைத்தவர்கள். இங்கே புயல். அடுப்பில் பானை நிற்கவில்லை.'

அக்கா இரண்டு தரம் படித்தாள். பிறகு, தப்பு தப்பாகவே இருந்துவிடக் கூடாது என்கிற அவள் குணம் அவளை விடவில்லை. எழுதினாள்: 'மூடவில்லை. பெட்டியை மாற்றித் தொலைத்தார்கள். காக்கா சொன்னது தவறு. இங்கே நல்ல மழை.'

எழுதி முடித்த பிறகுதான், அது காக்காவின் வரிக்குப் பதிலாகப் போய் விழுந்ததைப் பார்த்தாள். காக்கா உடனே, மரியாதையாக, மறுவரி எழுதியது: 'நன்றி. இப்போது வெயில்.'

கொடியில் காய்ந்த துணிகளை நனைய நனைய அள்ளிக்கொண்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். பின்னறை வாசலில் நின்று தலையை உதறினார்.

"என்ன சொல்றான் உன் சக்களத்தன்?"

"வெயிலாம்," என்றாள் அக்கா.