இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது

நான் போனபோது ஆர்ன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வெர்லா சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து ரிவால்வருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். தோட்டாக்கள் ஆறும் ஜன்னலோரம் ஒரு காப்பிக் கோப்பையில் கிடந்தன.

அலாஸ்காவில் எங்கள் தீவில் பத்தொன்பது வருஷமாக ஓடை நடப்பவள் வெர்லா. ஆகஸ்டில் தனியாகக் காட்டுக்குள் ஆறு மைல் ஏறி, முட்டையிட வரும் சால்மன் மீன்களை எண்ணுவாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் படகுகள் எப்போது வலை போடலாம் என்று மீன்வளத் துறை முடிவு செய்யும். துறைமுகத்தில், "வெர்லா என்ன சொன்னா?" என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்பதில் எனக்கும் கொஞ்சம் மிதப்பு உண்டு.

போன வாரம் ஒரு தப்பு செய்துவிட்டாள். எண்ணும்போது இரண்டு கையிலும் எண்ணும் கருவி இருக்கும், மீனுக்கு ஒரு அழுத்து. தோளிலிருந்து ரைஃபிள் சரிந்துகொண்டே இருக்க, எரிச்சலில் அதை மரத்தில் சாய்த்துவிட்டு ஓடையில் இறங்கினாள். நூறடி போய்த் திரும்பினால், அவளுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பழுப்புக் கரடி. அதோடு பேசிக்கொண்டே பின்னோக்கி நடந்தாள். அது ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனது. அந்த மீனையும் கணக்கில் சேர்த்தாள்.

இதை ஆர்னிடம் அவளே சொன்னாள். அன்றிலிருந்து, இனிப் போகாதே என்பதுதான் அவன் பேச்சு.

"இனி ரைஃபிள் வேண்டாம், இதான். கையைத் துடைச்சுட்டு, எடுக்க எவ்வளவு ஆகுதுன்னு நேரம் பாரு," என்றாள் வெர்லா. மழைக்கோட்டு, முதுகுப்பை எல்லாம் மாட்டிக்கொண்டாள். துப்பாக்கி காலிதான் என்று என்னிடமும் காட்டினாள்.

முதலில் இடுப்பில் கட்டும் துப்பாக்கி உறை. பையின் இடுப்பு வார் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, துப்பாக்கி சட்டென்று வரவில்லை.

"கரடி காத்துட்டிருக்கு," என்றான் ஆர்ன். "காப்பி போட்டுத் தரவா அதுக்கு?"

"வாயை மூடிட்டுக் கடிகாரத்தைப் பாரு, கிழவா."

பிறகு, தானே தைத்த மார்பு உறை. பையின் தோள் வார்களுக்கு நடுவில், கோட்டுக்கு வெளியே இருந்தது. எண்ணும் கருவிகளை மணிக்கட்டில் கயிற்றால் கட்டியிருந்தாள். பிடியை விட்டதும் அவை தொங்கின. அதற்குள் துப்பாக்கி கைக்கு வந்து சுவரைப் பார்த்திருந்தது.

"எவ்வளவு?"

ஆர்ன் கடிகாரத்தையே பார்த்தான். "ரெண்டு நொடி கூட இல்ல."

"இன்னொரு தடவை பாரு."

பத்துத் தடவை செய்தாள். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. ஐம்பத்தெட்டு வயசு. கடைசித் தடவை முடிந்ததும் ஆர்ன் பக்கத்தில் வந்தான். உறையின் தையலை விரலால் இழுத்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் தைச்சிருக்க," என்றான். பிறகு, மெதுவாக, "போகத்தான் வேணுமா, வெர்?"

வெர்லா கோப்பையிலிருந்த தோட்டாக்களைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நீள பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.