பெரியம்மா தண்ணீர் குடிக்காத காரணம்

பெரியம்மா, உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும், டம்ளரை எடுத்தால் என் கை உங்கள் கட்டில் பக்கம்தான் போகிறது.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் வயதானவர்களைக் கவனிக்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

போன கோடையில் பெரியம்மாவுக்குப் பேச்சு தடுமாறியது. என்னை, செத்துப்போன என் அம்மா என்று நினைத்து, "பாத்திக்கு வர்லியாடி?" என்றார். வயதாகிவிட்டது, புத்தி மங்கிவிட்டது என்றார்கள் எல்லாரும். அவர் மகன், என் அண்ணன், புதுச்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் விட ஆட்டோவுக்கே சொல்லிவிட்டான். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த வாரம் எங்கள் பங்குக் கோயில் தெருவுக்கு, வயதானவர்களைப் பார்க்க நர்சிங் காலேஜ் மாணவிகள் வந்தார்கள். ஒருத்தி பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை ஆயா?"

"ஏன், உங்க காலேஜில சொல்லித் தர்லியா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, என்ன வேலை செஞ்சீங்க?"

"உப்பு வாரினேன். வேற என்ன இருக்குது இங்க?"

கட்டிலடியில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்ததை அவள் பார்த்தாள். "குடிக்கலியா ஆயா?"

"குடிச்சா எங்கடி ஒதுங்கறது? உப்புப் பாத்தியில மறைவு இருக்குதா? சுத்தி ஆம்பளைங்க நிக்கிறானுங்க."

வீட்டில் கக்கூஸ் இருக்கிறது. ஆனால் உப்பளத்துப் பெண்கள் நாங்கள் வேலைக்குப் போனால் வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடமாட்டோம். பெரியம்மா வேலையை விட்டும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை. நானும் உப்பு வாருகிறவள், நானும் அப்படித்தான். அதனால்தான் எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

"உடம்புல தண்ணி வத்திப்போன மாதிரி இருக்குதுக்கா. அதனாலகூட புத்தி தடுமாறும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண்.

இல்லத்துக்குச் சொன்ன ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போனது. பாட்டில் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். அண்ணனைப் பார்த்ததும், "ஏன்டா, என்னைய எங்க தள்ளிவிடப் பாத்தே?" என்றார். அவன் தலையைச் சொறிந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் குடித்துக் காட்டினால்தான் குடிப்பார். இந்தத் தை மாதம் மாரடைப்பில் போகும்வரை என்னை அம்மா என்று நினைக்காமல், என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

என் பெரியம்மாவின் ஆத்துமா இளைப்பாற, படிக்கிற நீங்கள் எல்லாரும் ஒரு நிமிடம் ஜெபம் பண்ணுங்கள்.