காலுக்குள் குழாய்

உள்ளறையில் தொம்மென்று ஏதோ விழுந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவள் ஓடினாள்.

பிடித்து நடப்பதற்கான வாக்கர் தரையில் கவிழ்ந்து கிடந்தது. கணவன் கட்டிலில்தான் இருந்தான். கோபத்தில் அவனே தள்ளிவிட்டிருக்கிறான்.

"என்னால முடியாது. ஊன்றினா கம்பி முறுக்கிக்கும்."

பஸ் டிப்போவில் மெக்கானிக் அவன். படியில் சறுக்கி, உடம்பு ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் திரும்பியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் எலும்புக்குள் கம்பி செலுத்திச் சேர்த்தார். வினை அதற்கப்புறம்தான் வந்தது. அதே மாதிரிக் கம்பி ஒன்றை அவன் கையில் கொடுத்துக் காட்டினார். கண்ணருகே பிடித்துப் பார்த்தான். அதன் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை! அன்றிலிருந்து அந்தக் காலைத் தரையில் வைக்க மறுக்கிறான். இனியும் ஊன்றாவிட்டால் கால் விறைத்துப்போகும், வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவள் கும்பிடாத சாமியில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்தான். அதே டிப்போவில் டிரைவர். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மாமா, புது மாப்பிள்ளை மாதிரி இன்னும் உட்கார்ந்த இடத்துலயே சாப்பாடா?"

"உனக்கென்னடா? உன் காலுக்குள்ள குழாயா இருக்கு?"

"என் பஸ்ஸுக்கு அடியில இருக்கே! இன்ஜின்லேர்ந்து பின்சக்கரத்தைச் சுத்தவைக்கிற ஷாஃப்ட். குழாய்தானே அது? நீங்க மாட்டினதுதானே? வேலைக்கு வந்ததும் முதல்ல அதைக் கழட்டிட்டு கெட்டி இரும்பா மாட்டுங்க. எனக்கும் உயிர்மேல ஆசை இருக்கு."

தொழிலைத் தொட்டதும் மாமாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மடையா! முறுக்கைத் தாங்கறது வெளித்தோல்தான்டா. உள்ள போகப்போக அந்த முறுக்கு குறைஞ்சு, நட்டநடுவுல ஒண்ணுமே இருக்காது. நடுவுல இருக்கற இரும்பு வெட்டிப் பாரம். அதை எடுத்துட்டா வெயிட்தான் குறையும், பலம் அவ்வளவாக் குறையாது. வெளியில கீறல் விழுந்தாத்தான் பயப்படணும்..."

பேச்சு பாதியில் நின்றது. பார்வை தன் காலுக்குப் போனது.

"டாக்டர் காட்டின கம்பியில கீறல் இருந்துச்சாங்க?" என்று கேட்டாள் அவள்.

"பளபளன்னு இருந்துச்சு" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதை டிப்போ முழுக்கச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது மாமா!"

"சொல்லிப்பாரு. உன் பஸ்ஸுல பிரேக் பிடிக்காது."

வாக்கரை நிமிர்த்தித் தரச் சொன்னான். எழுந்தான். பாதம் தரையைத் தொட்டது. மெல்ல, மெல்ல, பாரமும் இறங்கியது. கால் அப்படியே தாங்கி நின்றது. இத்தனை நாளும் அவள் தேக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது.

டூட்டிக்கு நேரமாயிற்றென்று தம்பி கிளம்பினான். கதவைச் சாத்தப் போனவளைக் கணவன் கையால் தடுத்தான். அடிமேல் அடி வைத்து வாசலுக்குப் போய், மைத்துனன் தெருக்கோடி திரும்பும்வரை நின்று பார்த்து, தானே கதவைச் சாத்தினான்.