முதல் பத்து, கடைசி ஐந்து

அந்த ஏழு மாடிப் பதிப்பகத்தில் அவளைப் பின்னட்டை அக்கா என்று சொன்னால்தான் தெரியும். புத்தகத்தின் பின்னட்டையில் அச்சாகும் புகழுரையை எழுதுவது அவள் வேலை. வாரா வாரம் கையெழுத்துப் பிரதிகள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தால் யாரால் முழுதாகப் படிக்க முடியும்? முதல் பத்துப் பக்கம், கடைசி ஐந்து பக்கம், நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கம். இது போதும், "நெஞ்சை உலுக்கும் படைப்பு" என்று எழுதிவிடலாம். அவள் கையால் உலுக்கப்பட்ட நெஞ்சங்களுக்குக் கணக்கு வழக்கே கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டடத்திலேயே அதிகம் படிக்கிற ஆள் அவள்தான். தேர்வுக் குழு அவள் எழுதித் தரும் ஒரு பக்கச் சுருக்கத்தைப் படிக்கும். முடிவைச் சுருக்கத்தில் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. யாராவது ஆர்வப்பட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்கள் என்று எப்போதோ யாரோ நம்பிப் போட்டது. விற்பனைப் பிரிவு அட்டையைப் பார்க்கும். பிழை திருத்துகிறவர்கள் பிழையைப் பார்ப்பார்கள். கதையைப் பார்ப்பது வேறு மாடி. எல்லோரும், வேறு மாடியில் யாரோ படித்திருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

அவள் தம்பி வேலை பார்ப்பது ஒரு சின்னப் பதிப்பகத்தில். ஒரே அறை, முதலாளியோடு சேர்த்து மூன்றே பேர். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தால் யார் கம்பெனி உசத்தி என்று இருவருக்கும் வழக்குத்தான்.

"எங்க முதலாளி வரி விடாம படிப்பாரு அக்கா. சம்பளம் குடுக்கறத மட்டும் மறந்துடுவாரு."

"எங்ககிட்ட ஒண்ணாம் தேதி டாண்ணு வந்துடும். இன்சூரன்ஸ், ஏசி, கேண்டீன்ல பாதி விலைக்குச் சாப்பாடு. படிக்கறத மட்டும் மறந்துடுவோம்."

உள்ளே படுத்திருக்கும் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். அம்மாவின் கண் ஆபரேஷன் அந்த இன்சூரன்ஸில்தான் நடந்தது. அதனால் வழக்கில் ஜெயிப்பது எப்போதும் அக்கா கட்சி. ஆபரேஷன் முடிந்தும் அம்மாவுக்குப் பொடி எழுத்து தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் அவள் ஒரு நாவல் எழுதி வைத்திருந்தாள். அப்பா போன பிறகு, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசலில் வேலை கேட்டு நின்றவள் அம்மா. நாவலின் முதல் பாதி அந்த வாசல் வரை. இரண்டாம் பாதியில் வேலை கிடைத்தது, கொதிக்கிற தொட்டிப் பக்கத்தில் நின்றது, சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டியது, கடைசியில் அந்தக் கூடத்துக்கே தலைவியாகி ஓய்வு பெற்றது. ஊரார் கதைக்கெல்லாம் உருகி உருகி எழுதியவளுக்கு, தன் அம்மாவின் கதையை யாராவது ஒருத்தர் முழுதாகப் படிக்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? ஒரு நாள் துணிந்து கம்பெனிக்கே அனுப்பினாள்.

கம்பெனிக் கம்ப்யூட்டர் பெரிய கோப்பை விழுங்காது. இரண்டு பாதியாகத்தான் ஏற்ற வேண்டும். முதல் பாதி ஏறியது. அதற்குள் விற்பனை மேலாளர் வந்து, "அக்கா, அந்தச் சமையல் புத்தகத்துக்கு அவசரமா நாலு வரி!" என்று தலைக்கு மேல் வந்து நின்றார். நாலு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பாதியும் ஏறிவிட்டது என்ற நினைப்பில் கம்ப்யூட்டரை மூடினாள். சுருக்கத்தையும் அவளே எழுத வேண்டியதாயிற்று. அதற்கென்று இருப்பது அவள் ஒருத்திதானே.

தேர்வுக் குழுவில் ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். பாதிப் புகழ்ச்சி அவளுடைய சுருக்கத்தில் இருந்த வார்த்தைகள்தான். சந்தோஷத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

"என்னா முடிவு அக்கா! கடைசிப் பக்கத்துல அழுதுட்டேன்," என்றார் விற்பனை மேலாளர். பொய் இல்லை. அவர் கடைசிப் பக்கத்தைப் படித்திருந்தார், அதை மட்டும்.

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க மெய்ப்புப் படி அவள் மேசைக்கு வந்தது. பழக்க தோஷத்தில் கை நேராகக் கடைசி ஐந்து பக்கத்துக்குப் போயிற்று. "'நாளைக்கு வா' என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார்." அதோடு சரி. இரண்டாம் பாதி ஏறவே இல்லை.

அச்சுப் பிரிவுக்கு ஓடினாள். "அட்டை அடிச்சாச்சு அக்கா," என்றார் அச்சுக்காரர். "இந்த அட்டை முதுகோட அகலத்துக்கு இவ்வளவு பக்கம்தான் கொள்ளும்."

விற்பனை மேலாளரிடம் போனாள். அவருக்கு அவள் எதற்குப் பதறுகிறாள் என்றே புரியவில்லை.

"அந்தக் கதவச் சாத்தறதுதான அக்கா முடிவு? அதுக்குத்தான நான் அழுதேன்!"

"அது பாதிதான் சார். அப்புறம் அவங்களுக்கு வேலை கிடைச்சுது."

"வேலை கிடைச்சுட்டா யாரு வாங்குவா?" என்றார் அவர். "மாத்தியே ஆகணும்னா திரும்பக் குழுவுக்குப் போகணும். அடுத்த வருஷம் பாக்கலாம். என்ன சொல்றீங்க?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கையில் அந்த அட்டை இருந்தது. அட்டையில் அவள் பெயர் இருந்தது. எத்தனையோ பேருடைய புத்தகத்துக்குப் பின்னால் பெயரில்லாமல் நின்றவள், முன்னட்டையில் தன் பெயரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

புத்தகம் சூடாக விற்றது. "முடிக்காமல் முடித்த துணிச்சல்" என்று ஒரு விமர்சகர் பாராட்டினார். லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் கை கொடுத்தார்கள். எந்த இடம் பிடித்தது என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினான். சாப்பாட்டுக்கு மட்டும்தான் நிறுத்தினான். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடு நடுவே "ஆமா, ஆமா" என்றாள். சூப்பர்வைசர் கதவைச் சாத்தியதும் தம்பி புத்தகத்தை மூடினான்.

"ஏன்டா நிறுத்திட்ட? மேல படி."

"அவ்வளவுதாம்மா."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "மறுநாளே வேலை குடுத்துட்டாரேடி. எத்தனை வருஷம் அந்தத் தொட்டிக்கிட்ட நின்னேன்! அதெல்லாம் எழுதற மாதிரி இல்லையா?"

மகள் அழுதாள். உள்ளே போய், வீட்டில் வைத்திருந்த இரண்டாம் பாதியை எடுத்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். வேலை கிடைத்த இடம் வந்தது. அடுத்து, கொதிநீர் அம்மாவின் கையில் கொட்டிய இடம். அதைப் படிக்க மனம் வராமல், நாலைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள்.

அம்மா, தழும்பு ஓடிய கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்க ஆபீஸ் படிப்பெல்லாம் இங்க வேண்டாம். விட்ட எடத்துலேர்ந்து படி."