கோழிக்கும் கை காட்டிய சந்து

பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.25-க்குப் பால் அடுப்பில். 6.00-க்கு வாசலில் கோலம் – ஐந்து புள்ளி, ஞாயிற்றுக்கிழமைக்கு அதற்கு மேல் கிடையாது. 7.30-க்கு வாரத்துக்கான யூனிபார்ம் ஐந்தும் துவைத்துக் கொடியில். 9.00-க்கு இட்லி, நான்கு. 9.20-க்குத் தில்லிபாபுவின் போன்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் நேரக் கிறுக்கு பழகியிருக்கும். புதிதாக வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டாக்குமென்ட் கன்ட்ரோல் வேலை எனக்கு. எந்தக் காகிதம் எந்த ஃபைலில், எந்தத் தேதியில் என்று கேட்டால் சொல்ல வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷ டைரிகள் அலமாரியில் நிற்கின்றன... வரிசையாகத்தான்!

போனுக்கு வருகிறேன்.

"அக்கா, சாயந்தரம் வண்டி எடுக்கறேன், நீயும் வாக்கா. நம்ம சந்துக்குப் போலாம். ஷாப்பிங்குன்னு சொல்லிக்கீறேன்."

"ஸ்டெல்லா வரேன்னாளா?"

"அக்கா வந்தா வரேன்னா. அதான் உனுக்கு போன் போட்டேன்."

தில்லி வடக்குப்பட்டுக்காரன். ஸ்டெல்லா அவன் மனைவி, தூத்துக்குடிப் பக்கம். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் ஸ்டெல்லாவும் நானும் ஒரே அறையில் இருந்தோம். இப்போது மூவருமே குன்றத்தூரில். எனக்கும் அவர்களுக்கும் நடுவே மூன்று தெரு.

போன வருஷம் ஸ்டெல்லாவுக்கு இடது மார்பில் கட்டி. கீமோ மருந்து ஏற்றினார்கள். அக்டோபரில் அறுவை சிகிச்சை. கட்டி போய்விட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று சொன்னார் – இடது கைக்குத் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நண்டு மாதிரி மேலே ஏற வேண்டும். செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும்.

ஐந்து நாள் செய்தாள். வலித்தது. விட்டுவிட்டாள். கை இடுப்புக்கு மேல் எழுவதில்லை. கதவுக்கு வெளியே வருவதும் இல்லை.

ஸ்டெல்லாவுக்கு வயரிங் லைனில் வேலை, லைன் லீடர். வயர்களைக் கோக்கும் பலகை தலை உயரத்துக்கு நிற்கும். இரண்டு கையும் மேலே போனால்தான் அங்கே ஆள். மார்ச்சோடு மெடிக்கல் லீவு முடிகிறது. அதற்குள் கை எழ வேண்டும்... அவள் கையை அசைக்கவே மாட்டேன் என்கிறாளே, என்ன செய்வது?

(இதை எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். "தலைல முடி இல்லன்னு எழுதாதீங்கக்கா. அரை இஞ்ச் வந்துட்டுன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.)

தில்லி 'நம்ம சந்து' என்றானே, அதைச் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரகடத்தில் அதற்குக் கூத்துச் சந்து என்று பெயர். எதிரெதிராக இரண்டு வரிசை ஒற்றை அறைகள் – ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். என்னைத் தவிர எல்லாரும் டிரெய்னி. எல்லாருக்கும் பசி. அறைக்கு ஒரு கலைஞன்! மூன்று கம்பி மட்டும் மிஞ்சிய கிடாரில் ஒருவன் வாசிப்பான். பேக்கிங் அட்டையின் பின்பக்கம் இரண்டு பேர் கவிதை எழுதினார்கள், மழை வந்தால் அதையே தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓவர்டைம் கேட்கும் சூப்பர்வைசரை வைத்து சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நாடகம் நடக்கும். சூப்பர்வைசர் வேஷம் எப்போதும் தில்லிக்குத்தான். ஒருமுறை நிஜ சூப்பர்வைசரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் ஓவர்டைம் கேட்டார்.

முழுச் சந்துக்கும் ஒரே கண்ணாடி. லாரிக்கு வைக்கிற பக்கவாட்டுக் கண்ணாடி, ரிஜெக்ட் ஆனது, புங்க மரத்தில் அடித்து வைத்திருந்தோம். அதில் எல்லா முகமும் பூசணிக்காய் மாதிரி உப்பித் தெரியும். யாருக்கும் தன் அழகைப் பற்றிச் சந்தேகமே வந்ததில்லை. எல்லாரும் சமம்!

ஸ்டெல்லா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எங்கள் பிளான்டில் ஒரு சட்டம் உண்டு – உள்ளே எந்தப் பாதையைக் கடந்தாலும் நிற்க வேண்டும். வலது கையை நீட்டி 'ரைட் ஓகே', இடது கையை நீட்டி 'லெஃப்ட் ஓகே' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கால் எடுத்து வைக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் வண்டி மோதிவிடக் கூடாதே, அதற்காக. ஒரு வாரப் பயிற்சியில் அது எலும்பில் ஏறிவிடும்.

அவளுக்கு ஏறிவிட்டது. சாயங்காலம் குடத்தோடு குழாய்க்குப் போனவள் சந்தின் ஓரத்தில் நின்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். "ரைட் ஓகே! லெஃப்ட் ஓகே!" – இரண்டு கையும் விறைப்பாக. சந்தில் வண்டி எதுவும் இல்லை. ஒரு கோழி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வரிசையும் வாசலுக்கு வந்து சிரித்தது. எதிர்வரிசையிலிருந்து தில்லி கத்தினான்: "கோழி ஓகேவா?"

அவள் அழவில்லை. கோழியைப் பார்த்துக் கை நீட்டி, "கோழி ஓகே!" என்று சொல்லிவிட்டுக் கடந்தாள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் புங்க மரத்தடியில் மாலை மாற்றினார்கள். வடக்குப்பட்டிலிருந்தும் யாரும் வரவில்லை, தூத்துக்குடியிலிருந்தும் யாரும் வரவில்லை. சந்து வந்தது.

இதெல்லாம் என் டைரியில் இருக்கிறது. கோழி, மாலை 6.15.

ஆக, 4.00 மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் ஸ்டெல்லா, தலையில் ஊதா ஸ்கார்ஃப். இடது கையை மடியில், தூங்குகிற குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள்.

"நீங்க கூப்பிட்டியன்னுதான் வந்தேங்க்கா" என்றாள் என்னிடம்.

"நானா?"

கண்ணாடியில் தில்லி என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடினான்.

"ஆமா, நான்தான்" என்றேன். டாக்குமென்ட் கன்ட்ரோலில் இருபத்தாறு வருஷ சர்வீஸ்... என் முதல் பொய்ப் பதிவு.

சந்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சந்து எங்கே? அகலமான சாலை அல்லவா இருக்கிறது! கொரியன் மளிகைக் கடை. நாய்க்கு முடி வெட்டும் சலூன் – உள்ளே ஏசியில் ஒரு நாய் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. கைத்தறிப் புடவைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு புடவை. விலைச்சீட்டு இல்லை. விலை கேட்கிறவர்கள் வர வேண்டிய இடமில்லை என்று அர்த்தம் போலும். எங்கள் அறை இருந்த இடத்தில் பேக்கரி. எங்கே பார்த்தாலும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. ஒரு தெரு பணக்காரத் தெருவாகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நாம் நம்மை எத்தனை முறை முழுசாகப் பார்க்க நேர்கிறது என்று எண்ணினால் போதும்.

ஸ்டெல்லாவும் எண்ணியிருப்பாள். "நான் எறங்கல. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள்.

செக்யூரிட்டி வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். "இங்க நிறுத்தக் கூடாது சார்."

"ரெண்டு நிமிஷம் தலைவா. நான் பொண்ணு பாத்த எடம் இது."

"எல்லாரும் ஒரு கத சொல்றாங்க சார். பார்க்கிங் அந்தாண்ட, கீழ கீது."

அண்டர்கிரவுண்ட். அங்கே இருட்டில் காருக்குள் உட்கார்ந்திருப்பதா, வெயிலில் இறங்குவதா? ஸ்டெல்லா ஒரு நிமிஷம் யோசித்தாள். இறங்கினாள். என் பின்னாலேயே, கண்ணாடிகளுக்கு முதுகைக் காட்டியபடி.

தில்லி காரைக் கொண்டுபோனான். பார்க்கிங்கின் படிக்கட்டு எதிர்ப்பக்கம் ஏறுகிறது, பேக்கரி வாசலில். நாங்கள் இந்தப் பக்கம். நடுவே வரிசையாகக் கார்கள்.

ஓரத்தில் நின்றோம். அவள் கால் தானாக நின்றது. வலது கை தானாக எழுந்தது.

"ரைட் ஓகே."

பிறகு இடது கை. தொடையை விட்டு எழுந்தது. இடுப்புவரை வந்தது. நின்றுவிட்டது.

பக்கத்தில் ஐஸ் காபியோடு நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட பெண்கள் இல்லை. நடுத்தெருவில் ஒரு அம்மா ரோபோ மாதிரி கை நீட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் ஸ்டெல்லாவின் முகம் இறுகியது.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். உதவுவதாக நினைத்துக்கொண்டு அவள் இடது முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

"விடுங்கக்கா!"

விட்டுவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு கை பாதியில் நிற்கிறது என்றால் அது அவளுடைய பாதி. அதை நிரப்ப எனக்கு என்ன உரிமை? ஒரு அடி தள்ளி நின்றேன்.

"வூட்டுக்குப் போலாம்க்கா" என்றாள். அத்தனை வருஷத்தில் 'வீடு' என்பது அவள் வாயிலும் 'வூடு' ஆகிவிட்டது.

எதிரே படிக்கட்டில் தில்லியின் தலை தெரிந்தது. ஒரு பார்வை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் ஓடி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளி நின்றான் – பழைய சூப்பர்வைசர் வேஷம்!

"இன்னாம்மா லைனு நிக்குது? லெஃப்ட் சொல்லு!"

தெரு மொத்தமும் திரும்பியது. நாய் சலூனில் நாயும் திரும்பியது.

"சும்மா கெடங்க!" என்றாள் ஸ்டெல்லா, பல்லைக் கடித்து.

"லெஃப்ட் சொல்லாத கிராஸ் பண்ணக் கூடாது! சேஃப்டில மாட்டிப்ப!"

"மானத்த வாங்குதாவளே... அக்கா, இவியள வாய மூடச் சொல்லுங்க!"

நான் இன்னொரு அடி தள்ளிக்கொண்டேன். ஒருமுறை தலையிட்டதே போதும்.

தில்லி இரண்டு கையையும் வாயில் குவித்தான். "கோழி ஓகேவா?"

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். நாலு மாதமாக நான் பார்க்காத கோபம். "வாரேன், இருங்க! வந்து இருக்கு ஒமக்கு!" என்று அவனைப் பார்த்துக் கையை ஓங்கினாள்.

இடது கையை.

தோள்வரை எழுந்தது. ஒரு நொடி அங்கேயே நின்றது. வலி முகத்தில் ஓடியது, கையைப் பார்த்தாள், இறக்கினாள். மணி 4.52.

எதிரே நின்றவன் வேஷம் கலைந்துவிட்டது. வயிறு உள்ளே போய், கை தொங்கி, வெறும் தில்லிபாபுவாக நின்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் விசில் சத்தம். செக்யூரிட்டிக்காரர் சாலையில் இறங்கிவிட்டார். வலது கையை நீட்டினார், இடது கையை நீட்டினார். "ரைட் ஓகே! லெஃப்ட் ஓகே! வாங்கம்மா." கார்கள் நின்றன.

"எந்த பிளான்டு?" என்றேன், கடக்கும்போது.

"பெயின்ட் ஷாப், மேடம். ஆறு வருஷம். கான்ட்ராக்ட்டுல இருந்தேன்." 

பேக்கரிக்குள் எங்கள் அறை இருந்த மூலையில் ஓர் ஆள் உயரத்துக்கு அடுப்பு. ஸ்டெல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரூம்ல ஸ்டவ் பத்த வச்சா காலி பண்ண வச்சிருவேன்னு ஓனர் மெரட்டுவாரே அக்கா... இப்ப பாருங்க." சிரித்தாள். பன்னை இரண்டாகப் பிய்த்தாள். பாதியைத் தில்லி பக்கம் தள்ளினாள். ஆனால் அவனிடம் பேசவில்லை. ஏழு நிமிஷம் பேசவில்லை.

என் கைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் மார்க்கர் இருக்கும். லைனில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் ஒரு கோடு இழுப்பார்கள், இது முடிந்தது என்று அடையாளம். கோடு இல்லாத போல்ட் முறுக்காத போல்ட். அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"சுவத்துல விரல் எதுவரைக்கும் ஏறுதோ, அங்க ஒரு கோடு. பக்கத்துல தேதி."

"செவுரு அசிங்கமாயிரும்க்கா."

"நம்ம வூட்டு செவுருதான? நீ போடு. நான் மேல சுண்ணாம்பு அட்சிக்கறேன்" என்றான் தில்லி.

அவள் மார்க்கரைத் தொடவில்லை. பில் வந்தது, எழுந்தோம். கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது மேஜைமேல் மார்க்கர் இல்லை. யார் எடுத்தது, தெரியாது. தெரியாததை டைரியில் 'தெரியாது' என்றே எழுதினேன். வாசலில் பெரிய கண்ணாடியைத் தாண்டும்போது ஸ்டெல்லா ஒரு நொடி நின்று ஸ்கார்ஃபைச் சரி செய்துகொண்டாள். வலது கையால்தான். ஆனால் கண்ணாடியைப் பார்த்து.

பிப்ரவரி 9, திங்கட்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.25-க்குப் பால் அடுப்பில். 5.27-க்குப் போனில் ஒரு படம் – வெள்ளைச் சுவர், ஒரு சின்ன மஞ்சள் கோடு, பக்கத்தில் ஸ்டெல்லாவின் குண்டுக் கையெழுத்தில் தேதி. கீழே தில்லியின் செய்தி: 'டேப் வெச்சி அளந்தேன்க்கா. நாலு அடி ஒரு இஞ்ச். என்னாண்ட இன்னும் சரியா பேசல.'

டைரியை எடுத்து நாலு அடி ஒரு இஞ்ச் என்று எழுதினேன். சரியாகத்தான் எழுதினேனா என்று இன்னொரு முறை படத்தைப் பார்த்தேன். இன்னும் ஒருமுறை. பால் பொங்கி வழிந்துவிட்டது – இருபத்தொன்பது வருஷத்தில் முதல்முறை. அடுப்பைத் துடைத்தது, 5.34.