யோகமலர் தைத்து மூடிய கிழிசல்

ரொறன்ரோவின் பாதர்ஸ்ட் வீதியில் யூதர்கள் இத்திஷ் மொழியில் நாடகம் போடும் சிறு மண்டபம் ஒன்றில் யோகமலர் உடுப்புத் தைத்துக் கொடுத்தாள். ஐந்து வருட வேலையில் அவள் விட்ட ஒரே பிழை 2009 மே 20, புதன்கிழமை நடந்தது. பழைய கறுப்புக் கோட்டு ஒன்றின் இடது மார்பில் நாலு அங்குலக் கிழிசல் இருந்தது. அதை இழை தெரியாமல் தைத்து, அழுத்தி, மாட்டிவிட்டாள்.

மனம் தையலில் இல்லை. ஏப்ரல் 17க்குப் பிறகு முள்ளிவாய்க்காலில் இருந்து அம்மாவின் குரல் வரவில்லை. இப்போது சண்டையும் முடிந்துவிட்டது. பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் அண்ணன் பத்மநாதன், அம்மா இனி இல்லையென்று முடிவுகட்டி, இறந்த நாளை மே 17 என்று தானே குறித்து, ஜூன் 16இல் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி செய்ய ஐயரிடம் பேசியிருந்தார். அன்று மாலைக்குள் இவள் சம்மதம் சொல்லவேண்டும்.

கப்பலேறி வந்தவர்களின் பாட்டுகளும், செத்தவர்கள் கலியாண வீட்டுக்கு வரும் பழங்கதையும் சேர்ந்ததுதான் அந்தக் கோட்டுக்குரிய நாடகம். அதில் நடிக்கும் எண்பத்துமூன்று வயது ஹெர்ஷல் கோட்டைப் போட்டுக்கொண்டு மார்பைத் தடவிப் பார்த்தார். தன் துக்கத்தை இவ்வளவு நேர்த்தியாக ஒருவரும் மறைத்ததில்லை என்று சிரித்தார். பிறகு விளக்கினார்: தாய் தகப்பன் செத்தால் பிள்ளைகள் நெஞ்சுக்கு நேரே துணியைக் கிழிப்பார்கள், அந்தக் கிழிசலை ஆயுளுக்கும் ஒழுங்காகத் தைப்பதில்லை. கோட்டு அவருடையதுதான். பன்னிரண்டு வயதில் மாமாவோடு ரொறன்ரோவுக்கு வந்தவர். தாய் போலந்தில் நின்றுவிட்டாள். 1945இல் போர் முடிந்ததும் எல்லோரும் தங்கள் ஆட்கள் செத்துவிட்டார்களென்று அழுதார்கள். அவர் கிழித்தது 1947இல், தாய் செத்ததைக் கண்ணால் கண்ட ஒருத்தி எழுதிய கடிதம் வந்த பிறகு.

அந்த இரண்டு வருடமும் தாயை என்னவென்று நினைத்திருந்தீர்கள் என்று யோகமலர் கேட்டாள்.

“உயிரோடு இருக்கிறாள் என்று,” என்றார் ஹெர்ஷல்.

தையலை ஒவ்வொரு நூலாகப் பிரித்துக் கோட்டைக் கொடுத்துவிட்டு, அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, ஐயரை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

“உனக்கென்ன விசரே? இனி ஆர் வந்து சொல்லப்போகினம்?”

“கண்ட ஒராளெண்டாலும் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் அம்மாவுக்குச் செத்தவீடு கொண்டாடமாட்டன்.”

காணாமற்போனோர் பட்டியலில் அம்மாவின் பெயரைப் பதிந்தாயா என்று பத்மநாதன் மெல்லக் கேட்டார். இல்லை என்றாள்.

“அப்ப நான் பதியிறன். அம்மா பிறந்த திகதியைச் சொல்லு.”

1934 ஒக்டோபர் 9 என்றாள். எழுதிக்கொண்டு, பிழை வரக்கூடாதென்று வருடத்தை இன்னொருமுறை கேட்டார்.