போதாது என்று சொன்ன பம்ப்

மாஸ்டர்ஸ் முடிக்க எனக்கு ஒரே ஒரு வகுப்புதான் பாக்கி இருந்தது. எஞ்சினியரிங் மாணவர்கள் கட்டாயம் தேற வேண்டிய எழுத்து வகுப்பு. பட்டத்தோடு வந்தால் கலிபோர்னியாவின் மில்பிடாஸில் பழைய வேலையைத் திரும்பத் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

ஒரு கருவியைப் பற்றியும் அதைப் பயன்படுத்தும் ஒருவரைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் வைத்திருந்த தாய்ப்பால் பம்பை எடுத்துக்கொண்டேன். வரையறை, செயல்படும் விதம், நன்மைகள், தீமைகள், முடிவுரை. தலைப்புகளுக்கு அடிக்கோடு. ஒரு படமும் வரைந்தேன்.

ஊரில் எஞ்சினியரிங் படித்தபோது அறவியல் தேர்வை அப்படித்தான் எழுதினேன். அதற்கு 'ஒரு நாள் பேப்பர்' என்று பெயர். முந்தின நாள் படித்தால் போதும். பக்கத்தை நிரப்பி, தலைப்புகளைக் கறுப்பு மையில் எழுதினால் மார்க் வந்துவிடும். நேர்மைக்கு ஏழு பாயிண்ட். ஐந்து இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பேராசிரியர் என் தாளைத் திருப்பித் தந்தார். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதைப் பயன்படுத்துகிறவர் எங்கே என்று அடியில் எழுதியிருந்தார். ஒரு வாரத்தில் திருத்தி எழுதாவிட்டால் தேற முடியாது.

கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கோடிங்ல தூங்கிட்டே ஏ கிரேடு வாங்கினவ, கட்டுரைல ஃபெயிலா?"

"ஃபெயில் இல்ல. திரும்ப எழுதணும்."

"சோகமா நாலு லைன் சேத்து விடேன். அவங்களுக்கு அதான் வேணும்."

சேர்த்தேன். படித்துப் பார்த்தால் யாருடைய சோகமோ போல இருந்தது. அழித்துவிட்டேன். எனக்குச் சோகம் இருந்ததா என்பதே சந்தேகமாக இருந்தது.

பிரசவம் ஆன பன்னிரண்டாவது வாரம் அலுவலகம் போனேன். தாய்மார்களுக்கென்று ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு நாற்காலி, ஒரு கை கழுவும் தொட்டி. ஒரு நாளைக்கு மூன்று தடவை அங்கே உட்கார்வேன். எத்தனை மில்லி வந்தது என்று எக்ஸெலில் போட்டு, கிராஃப் கூட வரைந்தேன். பம்ப் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் 'போதாது, போதாது' என்றது. முதல் நாள் சிரித்தேன். பிறகு கிராஃபைப் பார்த்தபோது அது சொல்வது சரிதான் என்று பட்டது.

அந்த மாதம் மருத்துவரிடம் போனபோது, பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு படிவம் கொடுத்தார்கள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று கேள்விகள். எந்தப் பதிலுக்கு நல்ல மார்க் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கினேன். நர்ஸ் பாராட்டினாள். எதையும் உணராமல் காருக்கு நடந்தேன்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேராசிரியர் படித்துவிட்டு மனநல ஆலோசகரிடம் அனுப்பிவிட்டால்? நான் நல்ல அம்மா இல்லை என்று நினைத்தால்? சத்தத்தையாவது சரிபார்ப்போம் என்று கராஜிலிருந்து பம்பை எடுத்துவந்து சுவிட்சைப் போட்டேன். மூன்று வயது மகள் ஓடிவந்து காதை வைத்தாள்.

"அம்மா, இட்ஸ் சேயிங் பொட்டேட்டோ!"

"இல்லடா கண்ணு, போதாதுங்குது."

"நோ! பொட்டேட்டோ, பொட்டேட்டோ!"

மறுபடி கேட்டேன். பொட்டேட்டோ என்றும்தான் கேட்டது. சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் போதும் என்கிற வரை சுவிட்சை அணைக்கவும் இல்லை.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். அறை, கிராஃப், படிவம், பொட்டேட்டோ. 'போதாது' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போட்டாலும் பம்ப் அப்படிச் சொல்லவில்லை. தமிழிலேயே எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதினேன். அடிக்கோடு போடக் கை போனது. விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பாஸ். இந்த முறை ஆள் இருக்கிறார் என்று பேராசிரியர் அடியில் எழுதியிருந்தார். அந்தத் தமிழ்ச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். கவுன்சிலிங் மையத்தின் எண்ணையும், கட்டாயமில்லை என்ற குறிப்போடு, எழுதியிருந்தார்.

கணவர் தாளை வாங்கி, நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாத்துலயும் நல்லா இருக்கேன்னு டிக் பண்ணியா?"

"ஆமா."

"நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

"ஆமா. பேனா உங்களுதுதான்."

அவர் தாளை மேஜையில் வைத்தார். பிறகு கவுன்சிலிங் மையத்தின் எண் இருந்த பக்கத்தைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.